இன்ஹேலருக்கு அடங்காத இழுப்பு: பெரிய மூச்சுக்குழாய்களும் சி.டி. ஸ்கேனும்

இழுப்பு என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆஸ்துமாதான் இருக்கும். இல்லையென்றால் புகைபிடித்துக் கெட்டுப்போன நுரையீரல். எனவே டாக்டர் முதலில் இன்ஹேலர் எழுதிக் கொடுப்பதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த இன்ஹேலர் வேலை செய்யாதபோதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. டோஸ் கூடும், ஸ்டீராய்டு மாத்திரை சேரும், டாக்டர் மாறுவார், மருந்து மட்டும் மாறாது. இப்படி அலைகிறவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு நோய் இருப்பது நுரையீரலுக்குள் விரிந்து கிடக்கும் சின்னக் குழாய்களில் அல்ல. குரல்வளைக்குக் கீழே தொடங்கும் பெரிய மூச்சுக்குழாயிலோ அது இரண்டாகப் பிரிகிற முதன்மைக் கிளைகளிலோ இருக்கிறது. ஆஸ்துமா மருந்து அங்கே போய் ஒன்றும் செய்யப் போவதில்லை.

பெரியவர்களுக்கு மூச்சுக்குழாய் சுமார் 10 முதல் 12 செ.மீ. நீளம். முன்பக்கமும் பக்கவாட்டிலும் அதைத் தாங்குவது 16 முதல் 20 வரையிலான குருத்தெலும்பு வளையங்கள். இவை முழு வளையங்கள் அல்ல, பின்னால் திறந்தவை. அந்தத் திறப்பை மூடுவது தசையும் சவ்வும் சேர்ந்த ஒரு மெல்லிய சுவர். அதை ஒட்டியே உணவுக்குழாய் இறங்குகிறது. இந்தப் பின்சுவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி நோய்களைப் பிரித்துச் சொல்வது அதுதான். மார்பின் நடுவில் குழாய் இரண்டாகப் பிரிகிறது. வலது கிளை குட்டையானது, அகலமானது, கிட்டத்தட்ட நேராக இறங்கும். இடது கிளை அதைவிட இரு மடங்கு நீளம், சாய்வாகப் போகும்.

மூச்சுக்குழாயின் குறுக்களவு ஆண்களுக்கு 13 முதல் 25 மி.மீ. வரையும், பெண்களுக்கு 10 முதல் 21 மி.மீ. வரையும் இருக்கலாம். இவ்வளவு தாராளமான இடம் இருப்பதால்தான் நோய் வெளியே தெரிவதற்கு இத்தனை காலமாகிறது. உள்விட்டம் 8 மி.மீ. அளவுக்குச் சுருங்கும்வரை பலருக்கு மாடிப்படி ஏறும்போதுகூடப் பெரிதாக ஒன்றும் தெரியாது. 5 மி.மீ.க்குக் கீழே போனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சில் சத்தம் வரும். அதாவது, கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்று சொல்லத் தொடங்குவதற்கும் அவசரப் பிரிவுக்கு ஓடுவதற்கும் இடையே இருப்பது சுமார் 3 மி.மீ. சளி கொஞ்சம் கெட்டியாக ஒட்டிக்கொண்டாலே அந்த இடைவெளி காணாமல் போய்விடும்.

சத்தம் எப்போது வருகிறது என்பதிலும் ஒரு துப்பு இருக்கிறது. கழுத்துப் பகுதியில் அடைப்பு என்றால் மூச்சை உள்ளே இழுக்கும்போது அது மோசமாகும், ஏனென்றால் உள்ளிழுக்கும் விசை அந்தப் பகுதியை இன்னும் ஒடுக்குகிறது. மார்புக்குள் இருக்கும் அடைப்பு மூச்சை வெளியே விடும்போது மோசமாகும், ஏனென்றால் அப்போது மார்புக்குள் அழுத்தம் கூடி குழாயை வெளியிலிருந்து நெருக்குகிறது. ஆஸ்துமா இழுப்பும் மூச்சை விடும்போதுதான் கேட்கும் என்பதால் குழப்பம் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான். ஸ்பைரோமெட்ரி எனும் ஊதிப் பார்க்கும் சோதனையில் வரும் வளைவு, உச்சிக்குப் போகாமல் தட்டையாக வெட்டப்பட்டது மாதிரி இருந்தால் பெரிய குழாயைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் வளைவைப் பார்க்காமல் கீழே இருக்கும் எண்களை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

சாதாரண எக்ஸ்ரே இங்கே அவ்வளவாக உதவாது. முதுகெலும்பு, மார்பெலும்பு, இதயம், பெரிய ரத்தக்குழாய்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தில்தான் மூச்சுக்குழாயும் இருக்கிறது. போதாக்குறைக்கு, எக்ஸ்ரே படிக்கிறவரின் கண் இயல்பாகவே நுரையீரலின் இரு பக்கங்களுக்கும் ஓடும். நடுவில் இருக்கும் அந்தக் கறுப்புப் பட்டையை நிறுத்திப் பார்க்கிற பழக்கம் குறைவு. பிற்பாடு நோய் தெரிந்ததும் பழைய படத்தை எடுத்துப் பார்த்தால், அடைப்பு அப்போதே இருந்திருக்கும்.

சி.டி.க்கு மூச்சுக்குழாய் ஒரு வகையில் சுலபமான இலக்கு. சி.டி. அளவுகோலில் நீர் 0, காற்று −1000. குழாய்க்குள் காற்று, சுற்றிலும் திசு என்பதால் மருந்து எதுவும் செலுத்தாமலே எல்லை பளிச்சென்று தெரியும். ஆனால் தொடக்க கால இயந்திரங்களால் இதைப் பயன்படுத்திக்கொள்ள முடியவில்லை. 1971 அக்டோபரில் லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தபோது தலையை மட்டும்தான் படம்பிடிக்க முடிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் நிமிடக்கணக்கில் ஆகும், அதுவரை நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியுமா என்ன? சி.டி.யை உருவாக்க வழிவகுத்த ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்த பிறகும் மார்புப் படங்கள் தடித்த தடித்த துண்டுகளாகத்தான் வந்தன. 1980-களின் இறுதியில் வந்த, படுக்கை நகர நகர நிற்காமல் சுற்றிப் படமெடுக்கும் சுருள் முறையும், 1990-களின் இறுதியில் வந்த பல வரிசை உணரிகளும்தான் நிலைமையை மாற்றின. இன்றைய இயந்திரம் ஒரே மூச்சில், சில வினாடிகளில், ஒரு மி.மீ.க்கும் குறைவான தடிமனில் மார்பு முழுவதையும் எடுத்துவிடுகிறது.

தடிமன் குறைந்ததன் உண்மையான பயன், படத்தை எந்தத் திசையிலும் திருப்பி வெட்டிப் பார்க்கலாம் என்பது. குறுக்குவெட்டுப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய குழாய்களைப் படிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நெருக்கமான ஓரிரு படங்களில் மட்டும் தெரியும் குட்டையான சுருக்கம் கண்ணில் படாமல் நழுவும். நீளவாக்கில் பரவிய நோயின் நீளம் குறைவாகத் தோன்றும். சாய்வாகப் போகும் இடது கிளையைக் குறுக்கே வெட்டினால் அது நீள்வட்டமாகத் தெரியும், அதில் விட்டத்தை அளந்தால் தப்பாகத்தான் வரும். குழாயின் போக்குக்கு நேர்செங்குத்தாக வெட்டி அளக்க வேண்டும். இதையெல்லாம் கணினியில் செய்யச் சில நிமிடங்கள் போதும். ஆனால் அந்தச் சில நிமிடங்களை யாராவது ஒதுக்க வேண்டும், மெல்லிய துண்டுகள் அழிக்கப்படாமல் இருக்கவும் வேண்டும். நோயாளி கையில் வாங்கிப் போகும் பிலிமில் இவை எதுவும் இருக்காது. சி.டி. எடுத்தவர்கள் பிலிமோடு குறுந்தட்டையோ கணினிக் கோப்பையோ கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, படம் நன்றாக வந்துவிட்டது. அதில் என்ன பார்ப்பது? ஓட்டை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். நோயின் பெயரைச் சொல்வது ஓட்டை அல்ல, சுவர். சுவர் தடித்திருக்கிறதா, எந்தப் பக்கம் தடித்திருக்கிறது, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, பின்சுவர் தப்பியிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனாலே பட்டியல் வேகமாகச் சுருங்கிவிடும்.

பின்சுவரில் குருத்தெலும்பு இல்லை என்று பார்த்தோம். ஆகவே குருத்தெலும்பைத் தாக்கும் நோய் பின்சுவரைத் தொடாது. அப்படிப்பட்ட நோய்களில் ஒன்று, உடம்பின் எதிர்ப்பு சக்தியே குருத்தெலும்புகளைத் திரும்பத் திரும்பத் தாக்கும் ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைட்டிஸ். காது சிவந்து வீங்கும், மூக்கின் பாலம் அமுங்கும். மூச்சுக்குழாயின் முன்சுவரும் பக்கச்சுவர்களும் தடித்து, அடர்த்தி கூடித் தெரியும், பின்சுவர் மட்டும் மெல்லியதாகவே இருக்கும். காது மடலின் கீழ்நுனியில் குருத்தெலும்பு கிடையாது என்பதால் காது சிவந்தாலும் தோடு போடும் இடம் சிவக்காது. சி.டி.யில் பின்சுவர் தப்புவதும் இதே காரணத்தால்தான், இரண்டையும் சேர்த்து யோசித்தவருக்கு விடை சட்டென்று கிடைத்துவிடும். இன்னொன்று, உள்சுவரில் சின்னச் சின்னச் சுண்ணாம்பு முடிச்சுகள் முளைக்கும் டிராக்கியோபிராங்கோபதியா ஆஸ்டியோகாண்ட்ரோபிளாஸ்டிகா. பெயர்தான் பயமுறுத்தும். பெரும்பாலும் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்து, எதுவும் செய்யாமல் விடப்படும் சமாச்சாரம் அது. அங்கேயும் பின்சுவர் தப்பும்.

இதற்கு மாறாக, அமிலாய்டு புரதம் படிவது, ரத்தக்குழாய் அழற்சி வகையைச் சேர்ந்த ஜி.பி.ஏ., காசநோய் போன்றவை குருத்தெலும்பு பார்த்துத் தாக்குவதில்லை. சுற்றிலும் தடிக்கும், பின்சுவரும் சேர்ந்தே. ஜி.பி.ஏ. குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே உட்காருவதை விரும்பும். அமிலாய்டில் சுண்ணாம்பும் சேர்ந்திருக்கலாம்.

காசநோயைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உலகில் மிக அதிகமான காசநோயாளிகள் இருப்பது இந்தியாவில். நுரையீரலில் குழி விழும் காசநோய் எல்லோருக்கும் தெரியும். மூச்சுக்கிளைகளின் உள்சுவரில் வரும் காசநோய் அவ்வளவாகத் தெரியாது. அது இளம் பெண்களிடம் அதிகம் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், சளிப் பரிசோதனையில் கிருமி தெரியாமலும் போகலாம். விடாத இருமல், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் இழுப்பு, இவ்வளவுதான் இருக்கும். ஆஸ்துமா என்று ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். சி.டி.யில், நோய் உயிரோடு இருக்கும் கட்டத்தில் சுவர் தடித்து உள்விளிம்பு ஒழுங்கற்றுத் தெரியும், பக்கத்தில் நெறிகட்டிகளும் வீங்கியிருக்கலாம். ஆறித் தழும்பான கட்டத்தில் சுவர் அதிகம் தடிக்காமல், குழாய் வழவழப்பாகச் சுருங்கியிருக்கும், பெரும்பாலும் இடது முதன்மைக் கிளையில். இந்த இரண்டையும் பிரித்தறிவது முக்கியம். முதலாவதற்கு மாத்திரை, இரண்டாவதற்கு மாத்திரையால் பயன் இல்லை. தழும்பை பலூன் வைத்து விரிக்க வேண்டும், இல்லையென்றால் அறுவை. ஆனால் இரண்டு கட்டங்களும் ஒரே ஆளிடம் கலந்திருப்பது உண்டு, அப்போது மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழலை விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி செய்து திசு எடுக்காமல் முடிவு சொல்ல முடியாது.

அடுத்தது ஐ.சி.யூ. கொடுக்கும் நோய். வென்டிலேட்டரில் வைக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் இறக்கும் குழலின் நுனிக்கு அருகில் காற்று நிரப்பிய ஒரு சிறு பலூன் இருக்கும். கசிவு இல்லாமல் அடைப்பது அதன் வேலை. அந்த பலூனின் அழுத்தம் உள்சுவரின் நுண் ரத்தக்குழாய்களின் அழுத்தத்தைத் தாண்டினால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. திசு சாகும், குருத்தெலும்பு வெளியே தெரியும், பிறகு தழும்பு. 1960-களின் இறுதியில் அறுவை மருத்துவர்கள் கூப்பரும் கிரில்லோவும் இதை நிறுவிக் காட்டிய பிறகுதான் குறைந்த அழுத்தத்தில் அடைக்கும் பெரிய பலூன்கள் பரவலாக வந்தன. இன்று அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நெருக்கடி நேரத்தில் யார் அளந்தார்கள் என்பது வேறு கேள்வி. கொரோனா காலத்தில் வாரக்கணக்கில் குழலோடு கிடந்து பிழைத்தவர்களில் சிலர், வீட்டுக்குப் போன சில வாரங்களிலோ மாதங்களிலோ மூச்சுத் திணறலோடு திரும்பி வந்தார்கள். கொரோனா நுரையீரலைக் கெடுத்துவிட்டது என்று எளிதாக முடிவு கட்டிவிடக்கூடிய சூழல் அது.

சி.டி.யில் இந்தச் சுருக்கம் நீளவாக்குப் படத்தில் உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கித் தெரியும். கழுத்தில் துளையிட்டு டிராக்கியாஸ்டமி வைத்திருந்தால் துளை இருந்த இடத்திலும் ஒடுங்கும். இங்கேதான் ஒரு நடைமுறைப் பிசகு நடக்கிறது. சீட்டில் வெறுமனே மார்பு சி.டி. என்று எழுதினால் டெக்னீஷியன் நுரையீரலின் உச்சிக்குச் சற்று மேலிருந்துதான் தொடங்குவார், அது அவர் தவறு இல்லை. குரல்வளைக்குக் கீழே இருக்கும் சுருக்கம் படத்துக்கு வெளியே போய்விடும், ரிப்போர்ட் சரியாக இருக்கிறது என்று வரும். வென்டிலேட்டரில் இருந்தவர், மூச்சை இழுக்கும்போது சத்தம் வருகிறது, கழுத்தையும் சேர்த்து எடுக்கவும் என்று ஒரு வரி சீட்டில் இருந்தால் போதும். இயந்திரத்தின் விலையைவிட இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி, படம் எடுக்கும் நேரத்திலேயே ஒளிந்துகொள்ளும் நோய். மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் ஸ்கேன் அறையில் சொல்வார்கள். அந்த நிலையில் மூச்சுக்குழாய் அகல விரிந்து நிற்கும். சுவர் வலுவிழந்து, மூச்சை வெளியே விடும்போது மட்டும் மடிந்து விழும் குழாய் அந்தப் படத்தில் முற்றிலும் நார்மலாகத் தெரியும். இதற்கு டிராக்கியோமலேசியா என்று பெயர். நாய் குரைப்பது போன்ற இருமல், சளியை வெளியே தள்ள முடியாமை, திரும்பத் திரும்ப வரும் நிமோனியா ஆகியவை இதன் அடையாளங்கள். கண்டுபிடிக்க வேண்டுமென்றால் நோயாளி பலமாக மூச்சை ஊதி வெளியே விட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு முறை ஸ்கேன் செய்ய வேண்டும். மூச்சை விட்டு முடித்த பிறகு எடுக்கும் படம் போதாது, சரிவு அதிகமாக நடப்பது ஊதும்போதுதான்.

எவ்வளவு சரிந்தால் நோய்? உள்பரப்பு 50 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் நோய் என்பது நெடுநாள் விதி. 2009-இல் ரேடியாலஜி இதழில் பாஸ்டன் குழு ஒன்று வெளியிட்ட ஆய்வு அதை ஆட்டம்காண வைத்தது. எந்தக் குறையும் இல்லாத 51 தன்னார்வலர்களை ஊதச் சொல்லி ஸ்கேன் செய்தார்கள். 40 பேருக்கு, அதாவது 78 சதவீதம் பேருக்கு, 50 சதவீத எல்லையைத் தாண்டிச் சரிந்தது! அவர்கள் யாரும் நோயாளிகள் அல்ல. அதன் பிறகு பலர் 70 அல்லது 80 சதவீதத்தை எல்லையாக எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அறிகுறி இல்லாதவரின் 60 சதவீதச் சரிவுக்கு வைத்தியம் தேவையில்லை. மேலும் சரிவதிலும் இரண்டு விதம் உண்டு. குருத்தெலும்பே நொய்ந்து பக்கச்சுவர்கள் ஒட்டுவது ஒன்று. வளையங்கள் திடமாக இருக்க, பின்சுவர் மட்டும் தளர்ந்து உள்ளே பிதுங்கி, ஓட்டை பிறை வடிவம் ஆவது இன்னொன்று. இரண்டாவது வகை பருமனானவர்களிடமும் நாள்பட்ட புகை நுரையீரல் உள்ளவர்களிடமும் அதிகம். வைத்தியமும் வேறு வேறு.

புகை நுரையீரல் உள்ளவர்களிடம் இன்னொரு உருமாற்றமும் உண்டு, வாளுறை மூச்சுக்குழாய் என்பார்கள். மார்புக்குள் இருக்கும் பகுதி மட்டும் இரு பக்கமும் நசுங்கி, முன்பின்னாக நீண்டு தெரியும், கழுத்துப் பகுதி வட்டமாகவே இருக்கும். அதற்கு நேர் எதிர், 1932-இல் மூனியே-குன் விவரித்த அபூர்வ நோய். அதில் குழாய் 3 செ.மீ.க்கும் மேல் அகன்று, வளையங்களுக்கு இடையே சுவர் பைகளாகப் பிதுங்கி நிற்கும்.

மூச்சுக்குழாயிலேயே தொடங்கும் புற்றுநோய் அரிது. பெரியவர்களிடம் வருபவற்றில் பெரும்பகுதி இரண்டே வகை. புகைபிடிப்பவர்களிடம் வரும் ஸ்குவாமஸ் செல் வகை, புகையோடு தொடர்பில்லாமல் சற்று இளவயதிலேயே வரும் அடினாய்டு சிஸ்டிக் வகை. பின்னது மெதுவாக வளரும், ஆகவே ஆஸ்துமா பட்டத்தோடு நெடுநாள் ஓடும். உள்சுவரின் அடியில் ஊர்ந்து பரவுவது அதன் குணம். கண்ணால் பார்க்கும் எல்லையையும் தாண்டி, சி.டி. காட்டும் எல்லையையும் தாண்டி அது போயிருக்கலாம். அறுவை மேசையில் வெட்டு விளிம்பை உடனுக்குடன் சோதித்துப் பார்ப்பது அதற்காகத்தான். மூச்சுக்கிளைகளில் வரும் கார்சினாய்டு கட்டி வேறு மாதிரி ஏமாற்றும். பிராங்கோஸ்கோபியில் தெரிவது அதன் முனை மட்டும், கட்டியின் பெரும்பகுதி குழாய்க்கு வெளியே இருக்கலாம். ரத்தம் ஓடும் இடங்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய சி.டி. அதன் முழு உருவத்தையும், அதில் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்பதையும் காட்டிவிடும். மூச்சுக்குழாயை வெளியிலிருந்து நெருக்கும் பெரிய தைராய்டு கட்டி, உணவுக்குழாய்ப் புற்றுநோய் போன்றவற்றைப் பார்க்கவும் சி.டி.தான் தோது.

கட்டி மாதிரியே தெரிந்து பயமுறுத்தும் ஒன்று சாதாரணச் சளி. மல்லாந்து படுத்திருப்பவருக்கு அது பின்சுவரில் தேங்கும், உள்ளே காற்றுக் குமிழிகள் இருக்கும், கான்ட்ராஸ்ட் செலுத்தினாலும் பளிச்சிடாது. சந்தேகமாக இருந்தால் நன்றாக இருமச் சொல்லி அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுத்தால் தீர்ந்தது. கட்டி இடம் மாறாது.

குழந்தைகளின் கதை தனி. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று இருமி, அப்புறம் ஒரு பக்கம் மட்டும் இழுக்கிறது என்றால் நிலக்கடலைதான் முதல் சந்தேகம். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. மெல்லிய துண்டு சி.டி.யில் தெரியும், அதுவும் சில வினாடிகளில் முடிந்துவிடும் என்பதால் பல பிள்ளைகளுக்கு மயக்க மருந்தும் வேண்டாம். ஆனால் பிள்ளை திணறிக்கொண்டிருந்தால் ஸ்கேன் அறையில் நேரம் போக்கக் கூடாது, நேராக பிராங்கோஸ்கோபிக்குப் போக வேண்டும். பிறவிக் கோளாறுகளில், பெருந்தமனி இரட்டையாக வளைந்து மூச்சுக்குழாயைச் சுற்றி வளைப்பதும், இடது நுரையீரல் தமனி தப்பான இடத்தில் கிளம்பி மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே நுழைந்து போவதும் முக்கியமானவை. இங்கே கான்ட்ராஸ்ட் கட்டாயம், குற்றவாளி ரத்தக்குழாய் ஆயிற்றே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2012-இல், மூச்சுக்கிளை மடிந்து விழும் ஒரு குழந்தைக்கு அதன் சி.டி. படத்தை வைத்தே அளவெடுத்து, நாளடைவில் உடம்பிலேயே கரையும் ஒரு தாங்கியை முப்பரிமாண அச்சில் செய்து பொருத்தினார்கள்.

சி.டி. இருந்தால் பிராங்கோஸ்கோபி வேண்டாமா என்றால், வேண்டும். சுவரின் நிறம் சிவந்திருக்கிறதா என்று சி.டி.க்குத் தெரியாது, திசு எடுத்துத் தராது, உள்சுவரின் மேற்பரப்பில் மட்டும் இருக்கும் நோயை அது தவறவிடலாம். மறுபக்கம், கருவி நுழைய முடியாத அளவுக்கு ஒடுங்கிய இடத்துக்கு அப்பால் குழாய் எப்படி இருக்கிறது என்று சி.டி. மட்டுமே சொல்லும். 1990-களில் வந்த மெய்நிகர் பிராங்கோஸ்கோபி, குழாய்க்குள் பறந்து போவது போலக் காட்டுவது, நோயாளிக்கு விளக்க அருமையானது. நோயைக் கண்டுபிடிக்க, அலங்காரமில்லாத நீளவாக்குப் படங்களே பெரும்பாலும் போதும்.

அறுவைக்கு முன்னால் சி.டி.யிடம் கேட்பது எண்கள். சுருக்கம் எத்தனை மி.மீ. நீளம், குரல்நாணிலிருந்து எவ்வளவு கீழே, கிளை பிரியும் இடத்திலிருந்து எவ்வளவு மேலே. பெரியவர்களுக்கு மூச்சுக்குழாயின் ஏறக்குறைய பாதி நீளம்வரை வெட்டி எடுத்து இரு முனைகளையும் இணைக்க முடியும். அதைத் தாண்டினால் ஸ்டென்ட் போன்ற வேறு வழிகளைத்தான் யோசிக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்த பிறகும் வேலை முடிவதில்லை. அது நகரலாம், உடையலாம், அதன் நுனிகளில் சதை வளர்ந்து மறுபடி அடைக்கலாம்.

இப்படித் திரும்பத் திரும்ப ஸ்கேன் தேவைப்படுவதால் கதிர்வீச்சுக் கணக்கைத் தவிர்க்க முடியாது. ஒரு வழக்கமான மார்பு சி.டி.யில் சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட். இயற்கையாக நம் மேல் விழுவது உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4. நல்லவேளை, காற்றுக்கும் திசுவுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது என்பதால் டோஸைக் கணிசமாகக் குறைத்தாலும் குழாயின் எல்லை தெளிவாகவே தெரியும். ஊதும்போது எடுக்கும் இரண்டாவது படத்தையும், ஸ்டென்ட் வைத்தவர்களின் மறுபரிசோதனையையும் குறைந்த டோஸிலேயே முடிக்கலாம்.